இருவரும் ஒருவரா?

அந்தக் கேள்வி ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறைக் காலையில் வந்தது. இராஜகுமாரி அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். போன் ஜன்னல் விளிம்பில் சாய்ந்து நின்றது. அதன் திரையில் இரண்டு வட்டங்கள் தோன்றின, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னப் பெண்ணின் முகம். அவற்றின் கீழே, வெகு மரியாதையான தமிழில், ‘இருவரும் ஒருவரா?’ என்றிருந்தது. அதற்கும் கீழே மூன்று பொத்தான்கள்: ‘ஒருவரே’, ‘வேறு நபர்’, ‘உறுதியாகத் தெரியவில்லை’.

துருவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

இதை வேறு யாரிடமாவது கேட்டிருந்தால் பரவாயில்லை. இராஜகுமாரியிடம் போய்க் கேட்டதுதான் வினை. அவளுடைய பிழைப்பே அந்தக் கேள்விதான். கண்டியில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில், நோயாளிகளின் கார்டுகளை வைத்திருக்கும் அறையில் அவளுக்குப் பதினாறு வருடமாக வேலை. முதலில் கார்டுகள் அடுக்கிய இறாக்கைகளும் தூசியும் தும்மலுமாக இருந்தது. பிறகு எல்லாக் கார்டுகளையும் படமெடுத்துக் கணினிக்குள் ஏற்றினார்கள். இறாக்கைகள் போயின, தும்மலும் போனது, இராஜகுமாரி மட்டும் இருந்தாள். இப்போது அவளுடைய முக்கிய வேலை, ஒரே ஆளுக்கு இரண்டு கார்டு இருக்கிறதா என்று பார்ப்பது. மென்பொருளே மோப்பம் பிடித்து இரண்டிரண்டாக எடுத்து நீட்டும். ‘ஒருவர்தான்’ என்று அவள் சொன்னால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

அதில் அவள் கெட்டிக்காரி. சும்மா சொல்லவில்லை. ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்துச் சின்னமுத்து என்று இரண்டு கார்டுகள் ஒரு தடவை வந்தன. ஒரே தோட்டம், ஒரே லயத்து வரிசை வீடு, ஒரே வியாதி. சேர்த்துவிடு என்று எல்லாரும் சொன்னார்கள். இராஜகுமாரி சேர்க்கவில்லை. தோட்டத்துக்குப் போன் போட்டு விசாரித்தாள். பார்த்தால் ஒருவர் பாட்டன், மற்றவர் அவருடைய பெயரைத் தாங்கிய பேரன். பாட்டன் செத்து ஆறு வருடமாகிவிட்டது. ‘செத்தவரு கார்ட உசுரோட இருக்கிறவரு கார்டோட சேத்தா, உசுரோட இருக்கிறவருக்குத்தான் ஆபத்து’ என்று அன்றைக்கு அவள் சொன்னதை அந்த அறையில் இன்றும் ஒரு பழமொழி மாதிரிச் சொல்கிறார்கள்.

அப்படிப்பட்டவள்தான், தேங்காய்ப் பூ ஒட்டிய விரலால், ‘ஒருவரே’ என்ற பொத்தானை அமத்தினாள்.

வட்டங்கள் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து ஒரே வட்டமாகின. பெயர் என்ன என்று போன் கேட்டது. ‘மகள்’ என்று எழுதினாள்.

எங்கள் பக்கத்தில் மகளைக் கூப்பிடுவதே அப்படித்தான். ‘மகள், இங்க வாங்க’, ‘மகள், சாப்பிட்டீங்களா’. பெயர் பள்ளிக்கூடத்துக்கும் பதிவுப் புத்தகத்துக்கும்தான். அதனால் இராஜகுமாரி தன் மகளைத் தனுஜா என்று வாயாரக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை என்பதை ஒருவரும் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. தனுஜாவும் எடுத்துக்கொள்ளவில்லை, அப்போது.

இராஜகுமாரிக்கு முதலில் ஒரு மகள் இருந்தாள். மூன்று வயதும் பத்து மாதமும் ஆனபோது டெங்குக் காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது. வீடே இருண்டு கிடந்தது. நாலு மாதம் முடிவதற்குள் மறுபடி வயிற்றில் ஒன்று தங்கியது. ஊரே ஒரே குரலில் சொன்னது, ‘போனவதான் திரும்பி வர்றா’ என்று. பிறந்ததும் பார்த்தார்கள், அதே நெற்றி, அதே முகவாய், சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழியும் அதே கன்னம். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மாமியார் உடனே போனவளின் படங்களைப் பழைய சேலைக்குள் சுற்றி அலுமாரியின் அடித்தட்டில் வைத்தாள். அந்தப் பெயரை இனி இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது, சொன்னால் அவள் காதில் விழும், வந்து இவளையும் கூட்டிக்கொண்டு போவாள் என்றாள். வந்ததே அவள்தான் என்றால் கூட்டிக்கொண்டு போவது யார் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. துக்கத்தில் இருக்கிறவர்களிடம் கணக்கு வழக்குக் கேட்கக் கூடாதுதான்.

போதாக்குறைக்குப் பிள்ளையைத் தவிட்டுக்கும் வாங்கினார்கள். அது பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் செய்கிற சடங்கு. அடுத்துப் பிறந்ததைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, சுண்டு என்கிற சிறு அளவைப் பாத்திரம் நிறையத் தவிட்டை விலையாகத் தந்து திரும்ப வாங்குவது. யமன் வந்து பார்த்தால், இது இந்த வீட்டுப் பிள்ளையில்லை, தவிட்டுக்கு வந்த ஒரு பெறுமதியில்லாத சாமான் என்று நினைத்துப் போய்விடுவானாம். கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாவில் இவர்களின் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவள் அபீபா. அலவத்துகொடயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு இதெல்லாம் புதிது. சிரித்தாள். ஆனால் அரிசி புடைக்கிற சுளகில் கிடந்த பிள்ளையை எடுத்து மார்போடு வைத்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள். தவிட்டை அவள் வீட்டுக் கோழிகள் தின்றன.

அன்றிலிருந்து தனுஜாவுக்கு அபீபா இன்னொரு தாய், ஓர் உம்மா. கோபம் வந்தால் இராஜகுமாரி ‘தவிட்டுக்கு வாங்கினதுதானே’ என்பாள். தனுஜா அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிற கேலி என்றே எண்ணிப் பதினொரு வயது வரை வளர்ந்தாள்.

இனி அந்தப் படங்களின் கதை. இராஜகுமாரியின் கணவன் சதீஸ்குமார் கண்டியில் ஒரு ஹாட்வெயார் கடையில் நிற்கிறவன். அதிகம் பேசமாட்டான். ஆனால் படம் எடுப்பான். டுபாயிலிருந்து வந்த சின்னக் கேமரா ஒன்று அவனிடம் இருந்தது. அதன் பட்டரி செத்தால் தேதியும் சேர்ந்து செத்துவிடும். திருத்த அவனுக்குப் பொறுமை இல்லை. ஆகவே அவன் எடுத்த படம் எல்லாம் 2008 ஜனவரி முதலாம் தேதி எடுத்ததாகவே பதிந்திருந்தது. சில படங்கள் மாமியார் சேலைக்குள் சுற்றிய சீடிகளில் கிடந்தன, சில பென்டிரைவில், மீதி உயிர் போன லப்டொப்பில். எது எங்கே என்று கேட்டால் அலுமாரியைக் கை காட்டுவான்.

அந்தப் போயாவுக்கு முந்தின மாதம் அபீபாவின் மூத்த மகன் நஸீப், கெலிஓயா சந்தியில் போன் கடை வைத்திருப்பவன், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய் ஒரே இடத்தில் ஏற்றிக் கொடுத்தான். இனி எது எங்கே இருக்கிறது என்று யாரும் தேட வேண்டியதில்லை, முகத்தைப் பார்த்து அதுவே பிரித்து வைக்கும் என்றான். சரி, படங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று இராஜகுமாரி கேட்டாள்.

“மேல, கிளவுட்ல” என்றான் நஸீப்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். அந்த நேரத்தில் ஹந்தான மலையின் பாதிக்கு மேல் பனிமூட்டம் இறங்கியிருந்தது. படங்கள் வேறெங்கோ ஒரு நாட்டில், குளிரூட்டிய கட்டடத்தில் இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும். படிக்காதவள் இல்லையே. ஆனாலும் அந்தப் பனிக்குள் தன் பிள்ளை இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வது இதமாக இருந்தது. பதினொரு வருடம் சேலைக்குள் மூச்சு முட்டிக் கிடந்தவளுக்கு இது எவ்வளவோ மேல்.

‘ஒருவரே’ என்று அமத்திய மறுநாள் அந்தச் செயலி, யாரும் கேட்காமலே, ஒரு சின்னக் காணொளி செய்து அனுப்பியது. தலைப்பு ‘மகள்: ஆண்டுகளினூடாக’. பின்னால் மெல்லிய இசை. தொட்டிலில் ஒரு குழந்தை. தவழ்கிறது. மஞ்சள் சட்டையோடு நிற்கிறது. பேராதனைப் பூந்தோட்டத்துத் தொங்கு பாலத்தில் காலில் சிவப்புச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு சிரிக்கிறது. அடுத்து முன்பள்ளிச் சீருடை. பிறகு முதலாம் வகுப்பு, சரஸ்வதி பூசை, விழுந்த முன்பல், ஆறாம் வகுப்பின் இரட்டைப் பின்னல். ஒரே பெண். வளர்ந்துகொண்டே இருக்கிறாள். நடுவில் எங்கும் காய்ச்சல் இல்லை. வெள்ளைத் துணி இல்லை. சிவப்புச் சப்பாத்துக்கும் முன்பள்ளிச் சீருடைக்கும் நடுவில் ஒரு நூல் நுழைகிற இடைவெளிகூட இல்லை.

இராஜகுமாரி அதைத் தினமும் பார்த்தாள். கெலிஓயாவிலிருந்து கண்டிக்குப் போகிற காலை பஸ்ஸில், ஜன்னலோர இருக்கையில், போனை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பாள். வெளியே மகாவலி ஆற்றின் மேல் பனி எழும். தண்ணீர் எது, பனி எது, எதிர்க்கரை எது என்று பிரிக்க முடியாது. பேராதனைப் பாலத்தைத் தாண்டும்போது காணொளியிலும் சரியாகத் தொங்கு பாலம் வரும்படி அவள் அதைத் தொடங்கி வைப்பாள். இறங்கும் இடம் தவறிப் போய்த் திரும்பி நடந்த நாட்களும் உண்டு. அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் சந்தோஷமாக இருந்தாள்.

சதீஸ்குமார் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

“ராஜி, இது பிழை” என்றான்.

“மெஷினே ஒண்ணுன்னு சொல்லுது” என்றாள் அவள்.

மெஷின் சொல்லவில்லை, கேட்டது. சொன்னது இவள்தான். அதை அவன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அதுவும் ஒரு பிழைதான்.

ஒரு நாள் தனுஜா அந்தக் காணொளியைப் பார்த்தாள். இவள் அறியாத படங்கள். அலுமாரிக்குள்ளிருந்து யாரும் அவளுக்கு எடுத்துக் காட்டியிராதவை.

“அம்மா, இது யாரு?”

“நீங்கதான் மகள்.”

“எனக்கு இப்படிச் சிவப்புச் சப்பாத்து இருந்திச்சா?”

“இருந்திச்சே. அப்பா வாங்கித் தந்தது.”

தனுஜா வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தையும் நடுநடுவே பார்த்தாள். பிறகு, கண்ணைச் சுருக்கி, தூரத்தில் எதையோ தேடுகிறவள் மாதிரிச் சொன்னாள்.

“ஒரு சப்பாத்து ஆத்துல விழுந்திச்சுல்ல?”

விழுந்தது உண்மை. பாலத்தின் கம்பிக்கு நடுவே காலை நீட்டியபோது இடது சப்பாத்துக் கழன்று மகாவலிக்குள் விழுந்தது. அதை இவளுக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. சொல்லாதது தெரிந்திருக்கிறது என்றால் வேறென்ன அர்த்தம்? இராஜகுமாரி மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, நெற்றி, கன்னம், உச்சி என்று முத்தமிட்டாள். பதினொரு வருடத்தில் தனுஜாவுக்கு அப்படி ஒரு முத்தம் கிடைத்ததில்லை.

பிள்ளைகளுக்கு ருசி ஒரு தடவை காட்டினால் போதும்.

அடுத்த வாரம் தனுஜாவுக்கு மஞ்சள் சட்டை ஞாபகம் வந்தது, அதில் தேநீர் கொட்டியதும். அதற்கடுத்து ஒரு கறுப்புப் பூனை, பிறகு மரக்குதிரை. ஒவ்வொன்றாக வந்தன. மாலையில் வேலை விட்டு வந்து கைகால் கழுவியதும் இராஜகுமாரி மகளைப் பக்கத்தில் இருத்திக்கொள்வாள். “இன்னிக்கு என்ன ஞாபகம் வந்திச்சு?” என்று கேட்பாள். தனுஜா கண்களை மூடிக்கொண்டு மெதுவாகச் சொல்வாள். வெளியே மழை இலேசாகத் தூறும், வேலிக்கு அப்பால் அபீபா வீட்டில் இறைச்சி வேகும் வாசம் வரும். அந்த நேரத்தில் அந்த வீட்டில் யார் உயிரோடிருக்கிறார்கள், யார் இல்லை என்பது ஒரு பொருட்டாகவே இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பூந்தோட்டத்துக்குப் போனார்கள். தொங்கு பாலம் கொஞ்சம் ஆடியது. கீழே மகாவலி மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. தனுஜா நடுப்பாலத்தில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“இங்கதான். சப்பாத்து மெதுவா போச்சு. நான் அழல்ல. டாட்டா காட்டினேன்” என்றாள்.

அதுவும் சரி. அந்தப் பிள்ளை அழவில்லை. போகிற சப்பாத்துக்கு டாட்டா காட்டியது. இராஜகுமாரி ஆட்கள் பார்க்கிறார்களே என்றுகூடப் பாராமல் அழுதாள், சிரித்தாள், மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தாள். மகள் மூச்சு விடச் சிரமப்பட்டதை அவள் கவனிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் தனுஜா இடது புருவத்தை விரலால் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

“அம்மா, போட்டோல எனக்கு இங்க ஒரு வெட்டு இருக்கே. இப்ப காணல்லயே?”

போனவள் இரண்டு வயதில் சீமெந்துப் படியில் விழுந்ததில் புருவம் பிளந்து, அந்தக் கோட்டில் மயிர் முளைக்காமலே போனது.

“வளர வளர மறைஞ்சிரும் மகள்” என்றாள் இராஜகுமாரி. வாய் கூசவில்லை. பொய் சொல்கிறோம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு தனுஜா கண்ணாடி முன்னால் நிற்பது கூடியது. வயசுக்கு வருகிற காலம், அப்படித்தான் என்று இராஜகுமாரி விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ‘என் சிறு பராயம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னபோது தனுஜா வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். நன்றாக எழுதுகிற பிள்ளைக்கு என்ன வந்தது என்று டீச்சர் குறிப்பெழுதி அனுப்பினார். அந்தக் குறிப்பையும் இராஜகுமாரி பையில் வைத்தபடியே மறந்துபோனாள். கனவில் நடக்கிறவளுக்கு வழியில் கிடக்கிற கல் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை அரைநாள் வேலை. கெலிஓயாவில் இறங்கும்போது மழை பெய்துகொண்டிருந்தது. வேலியடியில் அபீபா குடையோடு நின்றாள். முன்கூட்டியே வந்து நின்று காத்திருக்கிறாள் என்பது அவள் நிற்கிற விதத்திலேயே தெரிந்தது.

“புள்ளய ஏசாத. முதல்ல கேளு” என்றாள்.

“என்ன ராத்தா?”

அபீபாவை அவள் அக்கா என்று கூப்பிடாமல், அவர்கள் வழக்கப்படி ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். அபீபா அவளைத் தன் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். தனுஜா கதிரையில் உட்கார்ந்திருந்தாள். இடது புருவத்தில் ஈரத் துணி. துணியை எடுத்தால், புருவத்துக்குக் குறுக்கே ஒரு சிவந்த கோடு. ஆழமில்லை. ஆனால் இரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. மேசையில் அவள் கோடு போடுகிற இரும்பு அடிமட்டம் கிடந்தது. அதன் விளிம்பால், அபீபா வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, பொறுமையாகத் தேய்த்திருக்கிறாள்.

இராஜகுமாரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ராஜி, ஒண்டு சொல்றன், கோவிக்காத” என்றாள் அபீபா. “ஒரு சுண்டு தவிட்டுக்கு நான் ஒனக்குத் திருப்பித் தந்தது இந்தப் புள்ளய. மத்தவள இல்ல. மத்தவள அல்லாஹ் எடுத்துக்கிட்டான். இவள நான் தந்தன். என்ட புள்ளய நீ என்ன செஞ்சு வச்சிருக்கிற?”

சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். மழை தகரத்தில் அடித்தது.

தனுஜா அம்மாவைப் பார்க்கவில்லை. தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லம்மா. ஒண்ணுமே இல்ல. நீங்க சிரிக்கிறீங்கன்னு சொன்னேன்.”

“சப்பாத்து?”

“ஒரு போட்டோல ரெண்டு கால்லயும் சப்பாத்து இருக்கு. அடுத்ததுல ஒண்ணுதான் இருக்கு. கையத் தூக்கி ஆத்தப் பாத்து டாட்டா காட்டுது. பாத்தா தெரியுதே.” புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள். “எல்லாம் அப்படித்தான் பாத்துச் சொன்னேன். இந்த வெட்டுத்தான் எனக்கு வரல்ல.”

சின்னமுத்துவின் கார்டு இராஜகுமாரிக்கு நினைவு வந்தது. யாரோ ஒரு சின்னமுத்துவுக்காக ஹேவாஹெட்ட வரை போன் போட்டு விசாரித்தவள் அவள். செத்தவரையும் உயிரோடிருப்பவரையும் சேர்த்தால் யாருக்கு ஆபத்து என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவள். சொந்த வீட்டில் ஒரு கணமும் யோசிக்காமல் அமத்தினாள். அவளுக்கு அந்தத் தரையிலேயே புதைந்துபோகலாம் போலிருந்தது. ஆனால் புதைந்துபோனால் காயத்துக்கு மருந்து போடுவது யார்? எழுந்து மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அது யாரும்மா?” என்று கேட்டாள் தனுஜா.

“உங்க அக்கா.”

அவ்வளவுதான் வந்தது. தனுஜா போனைக் கேட்டாள், இராஜகுமாரி கொடுத்தாள்.

சேர்ப்பது ஒரு விரல் வேலை. பிரிப்பது அப்படியில்லை. அந்தச் செயலியில் ஒரே தடவையில் பிரிக்கிற பொத்தான் எதுவும் இல்லை. ஒவ்வொரு படமாகத் திறந்து, இது இவர் அல்ல என்று சொல்லி, எடுத்து வேறாக வைக்க வேண்டும். அபீபா இரண்டு கோப்பைப் பிளேன் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். தாயும் மகளும் பிரிக்கத் தொடங்கினார்கள். தனுஜா புருவத்தைப் பார்த்துப் பிரித்தாள். இராஜகுமாரி சட்டையைப் பார்த்து, திரைச்சீலையைப் பார்த்து, எந்த வருடத்துத் தீபாவளி என்று நினைத்துப் பார்த்துப் பிரித்தாள். மஞ்சள் சட்டை அக்கா. மரக்குதிரை அக்கா. முன்பள்ளி தனுஜா. சேலைக்குள் சுற்றி வைத்தது மாமியார்தான். அன்றைக்கு இராஜகுமாரி அந்த அறையில்கூட இல்லை. இன்றைக்கு அவளே, தன் கையாலேயே, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டுதான் செய்தாள். தனுஜா தன் சட்டை நுனியால் போன் திரையைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தாள்.

நானூற்றுப் பதினொரு படங்கள் ஒரு புறமாக வந்து சேர்ந்தன. பெயர் என்ன என்று போன் கேட்டது.

“அக்கா பேரு என்னம்மா?”

அந்தப் பெயரைச் சொன்னால் காதில் விழும். வந்து கூட்டிக்கொண்டு போவாள். பதினொரு வருடம் அந்தப் பயத்தை அவள் உப்பு மாதிரி எல்லாவற்றிலும் போட்டுச் சாப்பிட்டிருக்கிறாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து தனுஜாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“மிதுஷா” என்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. மழை பெய்தது. அடுப்படியில் அபீபாவின் குக்கர் இரண்டு தடவை கூவியது. தனுஜா ஒவ்வோர் எழுத்தாக அந்தப் பெயரை எழுதினாள்.

கடைசியில் ஒரு படம் மிஞ்சியது. கைக்குழந்தை. புருவத்தில் வெட்டு விழுகிற வயதில்லை. சுற்றிலும் துணி, பின்னால் வெறும் சுவர். தேதி வழக்கம் போல 2008 ஜனவரி முதலாம் தேதி. போன் தானாகவே கேட்டது, ‘இவரும் மிதுஷாவும் ஒருவரா?’

இராஜகுமாரி போனைக் கண்ணருகே கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள். அதே நெற்றி. அதே முகவாய். பெற்றவளுக்குத் தெரியவில்லை. இரண்டு பேரையும் சுமந்து பெற்றவளுக்குத் தெரியவில்லை. மூன்றாவது பொத்தானை நோக்கி அவள் விரல் போனது.

“இருங்கம்மா” என்றாள் தனுஜா.

அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி ஓரத்துக்கு நகர்த்தினாள். துணிக்குக் கீழே சுளகின் பிரம்பு விளிம்பு தெரிந்தது. அதற்கப்பால் ஒரு பித்தளைச் சுண்டு. அதன் வாய் நிறையத் தவிடு. சுண்டைப் பிடித்திருந்த கையில், அபீபா இன்றைக்கும் கழற்றாத அந்தப் பச்சைக் கல் மோதிரம்.

“இது நான்” என்றாள். “அக்காவ யாரும் தவிட்டுக்கு வாங்கல்லயே. இது நான்தான்.”

தன்னுடையது என்று ஒரு படமாவது உறுதியாக இருக்கிறதா என்று அவள் எவ்வளவு நாளாகத் தேடிக்கொண்டிருந்தாளோ. அந்தப் பெறுமதியில்லாத தவிட்டைத் திரையின் மேல் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு போனை அம்மாவிடம் நீட்டினாள்.

“நீங்க அமத்துங்க.”

இராஜகுமாரி ‘வேறு நபர்’ என்பதை அமத்தினாள்.

காய்ந்த காயத்துக்கு மஞ்சள் குழைத்துக்கொண்டு அபீபா வந்தபோது, தாயும் மகளும் ஒட்டியபடி உட்கார்ந்திருந்தார்கள். மழை விட்டிருந்தது. திறந்த ஜன்னல் வழியே ஹந்தான தெரிந்தது. அதன் தோளிலிருந்து பனி ஏறி மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. இராஜகுமாரி அதைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டாள்.

“தனுஜா.”

பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பியது. வேறு யாரையோ கூப்பிட்டது போல ஒரு கணம் பின்னால் பார்த்தது.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல” என்றாள் இராஜகுமாரி. “சும்மா கூப்பிட்டேன்.”